பழைய மீன் தொட்டியை நம்பலாமா?

வீட்டுக் கூடத்தில் வண்ணமீன்கள் நீந்துவதைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, கண்ணாடிக்குப் பின்னால் மீனைக் காண்பது ஓர் அதிசயமாக இருந்தது. இன்றோ சென்னைக் கொளத்தூரில் தெருத்தெருவாக வண்ணமீன் கடைகள் இருக்கின்றன. சிற்றூர்களிலும் பல வீடுகளில் ஒரு தொட்டியாவது இடம்பெற்றுவிட்டது. புதுத் தொட்டி வாங்குவதற்குப் பணம் வேண்டும். ஆகவே பழைய தொட்டிகள் கை மாறுகின்றன. அவற்றுள்ளும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடியால் ஆன பழைய தொட்டியை வாங்கலாமா, கூடாதா என்பதைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்கப் போகிறோம்.

ரிஷிவந்தியத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். உறவினர் ஒருவர் சென்னையில் வீடு மாறுகிறார். அவருடைய அக்ரிலிக் தொட்டி நான்கடி நீளம். எடுத்துச் செல்ல இடமில்லாமையால், “வண்டி வாடகை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். பிள்ளைகள் துள்ளிக் குதிக்கின்றனர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சாமான் வண்டியில் குலுங்கி வந்த தொட்டி திண்ணையில் இறக்கப்படுகிறது. பார்வைக்குப் பளபளவென்று இருக்கிறது. இதில் நீர் நிரப்பலாமா?

இக்கேள்வியைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. 120 செண்டிமீட்டர் நீளமும், 45 செண்டிமீட்டர் அகலமும், 45 செண்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியில் 243 லிட்டர் நீர் நிற்கும். அதாவது தொட்டியையும் மணலையும் சேர்க்காமலே 243 கிலோ எடை. தவழும் குழந்தையும், தடி ஊன்றும் முதியவரும், மின்சாரக் கம்பிகளும் இருக்கும் அறையில் இவ்வளவு எடையை நாம் நிறுத்தி வைக்கிறோம். எனவே, இனாமாக வந்தது என்பது ஒரு தொட்டியை ஏற்பதற்குப் போதிய காரணம் ஆகாது.

ஆழமே அழுத்தம்

நம் பக்கத்து உழவர்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி எவ்வளவு தூரம் பரந்து கிடந்தாலும், கரையைத் தள்ளுவது நீரின் பரப்பு அன்று, கரையோரத்து ஆழமே. தொட்டிக்கும் அதுவே விதி. மேற்சொன்ன தொட்டியின் முன்பலகையை நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமம். அதே நீளமுள்ள தொட்டியின் உயரத்தை இரு மடங்காக்கினால், விசை இரு மடங்காவதோடு நில்லாமல் நான்கு மடங்காகி 480 கிலோவைத் தாண்டிவிடும். ஆகையால் உயரம் மிகுந்த பழைய தொட்டி, நீளம் மிகுந்த பழைய தொட்டியைவிட ஆபத்தானது. ஒன்றரையடி உயரத் தொட்டிக்குப் பலகை 10 மில்லிமீட்டராவது தடிப்பாக இருந்தால்தான் நமக்கு நம்பிக்கை பிறக்கும்.

அக்ரிலிக்கின் குணம்

ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவருடைய தொழிற்சாலை 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்னும் பெயரில் இப்பொருளைப் பதிவு செய்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்கு அது பயன்பட்டது. கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. அடிபட்டால் கண்ணாடியைப்போல் எளிதில் நொறுங்காது. ஒளியை நன்றாக விடும். இவை அதன் நற்குணங்கள்.

குறைகளும் உண்டு. அது எளிதில் கீறல் விழும். வெப்பத்தில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். கண்ணாடிபோல் தோன்றினாலும் சிறிது நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் நெடுங்காலம் ஊறினால் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை உறிஞ்சும். எல்லாவற்றிற்கும் மேலாக, சாராய வகைகள், பெயிண்ட் தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகியவை அதற்குப் பகை. இவை பட்ட இடத்தில், சிலந்தி வலைபோன்ற மயிரிழை வெடிப்புகள் பலகைக்குள்ளேயே தோன்றும். பலகை வளைந்தோ இழுபட்டோ நிற்கும் இடங்களில், அதாவது மூலைகளிலும் ஒட்டுகளிலும் துளைகளின் ஓரத்திலும், அவ்வெடிப்புகள் முதலில் வரும். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் கை கழுவும் சானிடைசர் இல்லாத வீடு இல்லை. அதுவும் சாராயமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். “சுத்தமாகத் துடைத்துத்தான் கொடுத்தேன்” என்று சொல்லப்படும் தொட்டியை எதனால் துடைத்தார்கள் என்று கேட்பது இதனாலேயே அவசியமாகிறது.

பெர்லின் தந்த பாடம்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ஒரு விடுதியின் முற்றத்தில் அக்ரிலிக்கால் ஆன உருளை வடிவ மீன் தொட்டி ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. பத்து லட்சம் லிட்டர் நீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். அதன் நடுவே மக்கள் மின்தூக்கியில் ஏறிச் செல்லலாம். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் அது திடீரென வெடித்தது. நீர் முழுவதும் விடுதிக்குள்ளும் தெருவிலும் பாய்ந்தது. அவ்வேளையில் முற்றத்தில் மக்கள் கூட்டம் இல்லாமையால் இருவர் மட்டுமே காயமுற்றனர். பெருந்தொட்டியின் மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் மாண்டன.

நிபுணர் துண்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். 2023 அக்டோபரில் வெளியான அறிக்கை, காரணம் இதுதான் என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்றது. ஆயினும் மூன்று ஐயங்களை முன்வைத்தது. ஒட்டு ஒன்று விட்டுப் போயிருக்கலாம். 2019, 2020-ஆம் ஆண்டுகளில் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது அடிப்பகுதியில் ஒரு வடு விழுந்திருக்கலாம். அவ்வேலைக்காக நீரை வெளியேற்றியிருந்த காலத்தில் அக்ரிலிக் அளவுக்கு மீறி உலர்ந்திருக்கலாம்.

ஒட்டு, வடு, உலர்ச்சி: இம்மூன்றும் நம் திண்ணையில் இருக்கும் சிறிய தொட்டிக்கும் பொருந்துவனவே. அதன் ஒட்டு எத்தனை ஆண்டுப் பழையது? வண்டியில் அடிபட்டதா? எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது? உடைந்த பின்னர் நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாததை, உடையுமுன் நாம் சோதித்துத்தான் தவிர்க்க வேண்டும். அக்ரிலிக் தொட்டியின் பாதுகாப்பு அதன் பளபளப்பில் இல்லை; அதன் கடந்தகால வரலாற்றிலும், நீர்ச் சோதனையிலும் இருக்கிறது.

முதலில் கேளுங்கள்

கொடுப்பவரிடம் கூச்சமின்றிச் சில செய்திகளைக் கேட்க வேண்டும். தொட்டி எத்தனை ஆண்டுப் பழையது? கடைசியாக எப்போது நீர் நின்றது? காலியாக இருந்தபோது நிழலில் இருந்ததா, மொட்டை மாடி வெயிலில் கிடந்ததா? எதனால் துடைத்தார்கள்? எப்போதாவது கசிந்ததா, யார் அடைத்தார்கள்? கடைசியாக இருந்த மீன்கள் எப்படி இறந்தன?

நம் ஊர்களுக்கென்று ஒரு தனிக் கேள்வியும் உண்டு. தொட்டி எந்த அறையில் வைக்கப்பட்டிருந்தது? பம்புசெட்டுக் கொட்டகையில் பூச்சிமருந்துக் குப்பிகளோடு கிடந்ததென்றால், அதை அப்படியே விட்டுவிடுவது நலம். பல பூச்சிமருந்துகள் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அவற்றைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய்களோ அக்ரிலிக்கையும் கெடுக்கக்கூடும்.

விடை தெரியவில்லை என்பதும் ஒரு விடையே. வரலாறு தெரியாத தொட்டியைச் சோதிக்கையில் நம் கண்டிப்பு இரு மடங்காக வேண்டும்.

பின்னர் பாருங்கள்

வெறும் நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால் தூசியை நீக்கிவிட்டு, இருட்டிய பின் டார்ச் விளக்கைப் பலகையின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பகலில் மறைந்திருப்பவை அப்போது மின்னும். மேற்பரப்பில் உள்ள கீறல் நகத்தில் தட்டுப்படும். அது அழகுக்குக் குறையே அன்றிப் பெரும்பாலும் ஆபத்து அன்று, தேய்த்து மெருகேற்றினால் மறையும். நகத்தில் தட்டுப்படாமல், உள்ளேயிருந்து ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளி இழைபோல் பளிச்சிடுவது மயிரிழை வெடிப்பு. அது தேய்த்தால் போகாது. மூலையிலோ ஒட்டின் அருகிலோ அது கூட்டமாகக் காணப்பட்டால் அத்தொட்டியில் நீர் ஊற்றவே கூடாது.

அடுத்து ஒட்டுகள். கண்ணாடித் தொட்டியின் மூலைகளில் ரப்பர்போன்ற சிலிகோன் பசை தெரியும். அக்ரிலிக் தொட்டி அவ்வாறு ஒட்டப்படுவதில்லை. குளோரோபார்ம் போன்ற திரவம் இரு பலகைகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். திரவம் ஆவியானதும் அவை ஒரே பலகைபோல் இறுகும். எனவே நல்ல ஒட்டு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஆங்காங்கே ஊசிமுனை அளவுக் குமிழி இருப்பதால் பழுதில்லை. குமிழிகள் சேர்ந்து உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை வழி போட்டிருந்தாலோ, ஒட்டு பால்போல் வெளுத்திருந்தாலோ, அது விட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

எம்-சீல் அடைப்போ சிலிகோன் பூச்சோ காணப்பட்டால், தொட்டி ஒருமுறை கசிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சிலிகோன் கண்ணாடியைப் பற்றுவதுபோல் அக்ரிலிக்கைப் பற்றாது. இன்று நிற்கும், நாளை உரிந்து வரும். மேல்விளிம்பில் உட்புறமாக ஒட்டப்பட்டிருக்கும் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பலகைகள் வெளியே பிதுங்காமல் பிடித்து நிற்பது அதுவே. கை நுழைவதற்கு வசதியாக யாரேனும் அதனை அறுத்திருந்தால், அத்தொட்டி தன் பாதி வலிமையை இழந்ததாகவே எண்ணி ஒதுக்குக.

நீர்ச் சோதனை

கண்ணுக்குத் தப்பியதை நீர் காட்டிக்கொடுக்கும். சோதனையை வீட்டிற்குள் செய்யலாகாது. வெளியே நிழலில், சிறுவர்கள் ஓடியாடாத இடத்தில், சிமெண்டுத் தளத்தின்மேல் செய்ய வேண்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தளம் சமமாக உள்ளதா என்று பார்த்து, ஒட்டுப்பலகை ஒன்றை இட்டு, அதன்மேல் தெர்மாகோல் அட்டை விரித்துத் தொட்டியை வைக்கலாம். சுற்றிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பினால், ஒரு துளி கசிந்தாலும் தாள் சொல்லிவிடும்.

நெடுநாள் காய்ந்து கிடந்த தொட்டியை ஒரே மூச்சில் நிரப்புதல் தவறு. முதல் நாள் கால் பங்கு, மறுநாள் அரைப் பங்கு, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழுமை என்று ஏற்ற வேண்டும். பின்னர் ஏழு நாட்கள் அப்படியே நிற்கட்டும். ஒரு துணியால் மூடி வைத்தால் கொசு முட்டையிடாது. வெந்நீர் ஊற்றவே கூடாது.

இந்நாட்களில் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது கசிவு. கோடை வெயிலில் நீர் ஆவியாகிக் குறைவதும் உண்டு. ஆகவே தொட்டியருகே ஒரு வாளியில் நீர் வைத்து, அதையும் அதேபோன்ற துணியால் மூடி, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. வாளியைவிடத் தொட்டியில் தெளிவாக அதிகம் குறைந்தால், அது கசிவே. இரண்டாவது பிதுக்கம். நேரான மரச்சட்டத்தை முன்பலகையின் குறுக்கே வைத்தால், அது நடுவில் தொட்டு இரு முனைகளிலும் இடைவெளி காட்டும். அந்த இடைவெளியை நாள்தோறும் அளந்து எழுதுக. அக்ரிலிக் சிறிது வளைவது இயல்பு. முதல் இரண்டு நாட்களில் வளைந்து பின்னர் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஏழாம் நாளும் வளைவு கூடிக்கொண்டே போனால் அத்தொட்டி தோற்றுவிட்டது. மூன்றாவது வெடிப்பு. ஒவ்வொரு நாள் இரவும் டார்ச் விளக்கால் மூலைகளைப் பார்க்க வேண்டும். புதிதாக ஓர் இழை தோன்றினாலும், உடனே குழாயிட்டு நீரை இறக்கிவிடுக. நீர் நிறைந்த தொட்டியைத் தூக்கவோ நகர்த்தவோ ஒருபோதும் முயலாதீர்கள்.

மீனுக்கும் மனிதருக்கும்

தொட்டி தாங்கிவிட்டது என்பதாலேயே அதில் உயிர் வாழும் என்று பொருள் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீர் விட்டுச் சென்ற வெள்ளைக் கறையை, வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த நீரால் ஊறவைத்து நீக்கலாம். சோப்பு, பினாயில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஆகியவற்றைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. கிருமி நீக்க, மிகவும் நீர்த்த பிளீச்சிங் கரைசலைச் சிறிது நேரம் நிறுத்தி, பலமுறை கழுவி, மீன் கடைகளில் ‘ஹைப்போ’ என்று விற்கப்படும் மருந்தால் எஞ்சிய குளோரினைப் போக்கலாம். முன்னர் செம்பு கலந்த மருந்து பயன்பட்ட தொட்டியானால், செம்பின் மிச்சம் இறால்களையும் நத்தைகளையும் கொல்லும். அவற்றை அதில் வளர்க்காதிருப்பது நன்று.

மீன்களுக்கு வரும் காசநோய் ஒன்று உண்டு. மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, புண்ணாகி ஒவ்வொன்றாக மாளும். அக்கிருமி, காயம்பட்ட கையால் தொட்டியைக் கழுவும் மனிதரின் தோலிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்கவல்லது. வீரியம் குறைந்த பிளீச்சிங் கரைசலுக்கு அது எளிதில் அடங்காது. அதனை நன்கு கொல்லக்கூடியது சாராயம்; சாராயமோ அக்ரிலிக்கைக் கெடுப்பது. ஆகவே அவ்வாறு மீன்கள் மாண்ட அக்ரிலிக் தொட்டியை வாங்காமல் விடுவதே அறிவுடைமை. எந்தப் பழைய தொட்டியைக் கழுவினாலும், கையில் புண் இருந்தால் ரப்பர் உறை அணிக. பின்னர் கையில் கட்டி வந்து ஆறாவிடில், மீன் தொட்டி கழுவியதையும் மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள்.

வீட்டிற்குள் வைக்கும்போது

அக்ரிலிக் தொட்டியின் அடிப்பலகை முழுவதும் சமமான தளத்தில் படிந்திருக்க வேண்டும். நான்கு கால்களின்மேலோ, இரு செங்கல் வரிசைகளின்மேலோ நிறுத்தலாகாது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்த மெல்லிய மேசை 243 கிலோவைத் தாங்காது. சுவரோரத்தில் உறுதியான இரும்புச் சட்டமோ, செங்கல் கட்டிய மேடையோ அமைத்து, அதன்மேல் கனமான ஒட்டுப்பலகையும் தெர்மாகோலும் இட வேண்டும். மின் பிளக்கு நீர்மட்டத்திற்கு மேலே இருக்கட்டும். கம்பி சற்றுக் கீழே தொங்கி வளைந்து பின்னர் மேலேறினால், வழிந்த நீர் பிளக்கிற்குள் செல்லாது. கசியும் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் இ.எல்.சி.பி. என்னும் கருவியை மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வது தொட்டியைக் காட்டிலும் முதன்மையான செலவு. நீருக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்தும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

தேறாத தொட்டி

தேறாத தொட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நீரின் எடை இல்லாவிடில் அது யாருக்கும் தீங்கு செய்யாது. மிளகாய், கத்தரி நாற்றுகளை அதில் வளர்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைகளைத் தூசி படாமல் வைக்கலாம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் சிறிய சுரூபங்களை அடுக்கிக் குடில் அமைக்கவும் அது பொருத்தமான பேழை.

ஆனால் ஒரு கடமை இருக்கிறது. நமக்கு ஆகாத தொட்டியை, “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லி மற்றொரு வீட்டாரிடம் தள்ளிவிடுதல் எவ்வளவு சிறிய பொய்யாகத் தோன்றினாலும், அதன் சுமை அவ்வீட்டுக் குழந்தையின் தலைமேல் நிற்கும் 243 கிலோ. கொடுப்பவர் வயதையும், கசிந்ததையும், துடைத்த பொருளையும், மீன்கள் மாண்ட விதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்கக் கூசக் கூடாது. சோதனையில் தோற்ற தொட்டியின் அடிப்பலகையில், “இதில் தண்ணீர் ஊற்றாதீர்” என்று அழியாத எழுத்தில் எழுதிவிடுங்கள். நாம் மறந்த பின்னும், அது எத்தனை கை மாறினாலும், அவ்வெழுத்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.